பனி தங்காத இடம்

அந்த நெய் டப்பாவை இப்படிக் கொடுங்கள் சார். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கிளாம்பாக்கத்திலிருந்து நீங்களே சுமந்துகொண்டு வருகிறீர்கள், கால் மரத்துப்போகும். எனக்கென்ன இடைஞ்சல், ஒன்றுமில்லை. மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது?

தீபத்துக்குத்தானே போகிறீர்கள். டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் திண்டிவனம் வரைக்கும்தான். நெய்வேலி வண்டி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் திருவண்ணாமலைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கண்டக்டர் நல்ல மனுஷன். திண்டிவனம் பாலத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறேன், மாறிக்கொள்ளுங்கள் என்று ஏற்றிக்கொண்டார். பேரா? பேர் எதற்கு சார், பாதி வழியில் இறங்கிப் போகிறவனுக்கு. நெய்வேலிக்காரன், அது போதாதா.

அம்மா தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மெதுவாகவே பேசுகிறேன்.

நானும் ஒரு தடவை மலைமேல் தீபம் ஏற்றியிருக்கிறேன். நிஜமாகத்தான். திருவண்ணாமலையில் இல்லை. வேல்ஸ் என்று ஒரு நாடு, இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு மலையில். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், பரவாயில்லை. அந்த ஊரில் யாராவது ஒருத்தர் இப்படிச் சிரித்திருந்தால்கூட நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மனைவி தமயந்தி நர்ஸ். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள், நான் கூடப் போனேன். இங்கே நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவன். பள்ளிப்படிப்பு தமிழில், எம்.ஏ. ஆங்கிலத்தில். நெய்வேலியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்கள். அங்கே கிடங்கில் பார்சல் அடுக்கினேன். அதைச் சொல்லிக் குறைப்படவில்லை. வேலை வேலைதானே. பார்சலுக்கு இலக்கணம் தேவையில்லை.

ஊர் எப்படியென்றால், இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு ரோடு. ரோட்டோரம் பூராவும் கல்வீடுகள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்ததாம். மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட். சுரங்கத்து இரும்புச் சக்கரத்தைப் பாதியாக வெட்டி ரோட்டோரம் நட்டு, சுற்றிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் அப்பாவே சுரங்கத்தில் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அம்மா துணியைத் திரித்து அவர் காதிலிருந்து கரித்தூளை எடுப்பாள். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிப் போய் இன்னொரு சுரங்க ஊரிலேயே இறங்கியிருக்கிறேன் பாருங்கள். தமயந்தியிடம் சொன்னேன். "அங்க இன்னும் தோண்டிக்கிட்டு இருக்காங்க, இங்க தோண்டி முடிச்சிட்டாங்க. அவ்வளவுதாங்க" என்றாள்.

அந்த மலைக்கு வரைபடத்தில் ஒரு பேர் இருக்கிறது, என் வாயில் நுழையாது. ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. மலை, அவ்வளவுதான். நாய் எங்கே? மலைக்குப் போயிருக்கிறது. மழை வருமா? மலையைப் பார். எங்கள் சமையலறை ஜன்னல் நிறைய மலைதான். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அதன்மேல் இருக்கிற பெரணியெல்லாம் காய்ந்து துருவேறின சிவப்பாகிவிடும். அதில் சாயங்கால வெயில் பட்டால், உங்களிடம் சொல்ல என்ன, அண்ணாமலையார் மாதிரியே இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே கும்பிட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கிளெனிஸ் என்று ஒரு அம்மா, எழுபது தாண்டியவள். புருஷன் சுரங்கத்தில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். நாங்கள் குடிபோன கொஞ்ச நாளில் கதவைத் தட்டினாள். ஆடி, ஆவணியில் அந்த மலை உச்சியில் ஒரு பழம் பழுக்கும். நாவல்பழத்தை மிளகளவாக்கினால் எப்படி, அப்படி. குனிந்து குனிந்து பொறுக்கவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம் உண்டு, அடுத்தவருக்குக் காட்ட மாட்டார்கள். அதை மாவுக்குள் வைத்துச் சுட்டு ஒரு தட்டு கொண்டுவந்திருந்தாள். தின்றால் பல், நாக்கு எல்லாம் நீலம். "பல்லைக் காட்டும்மா" என்றாள் தமயந்தியிடம். காட்டினாள். "சரி, இனிமே நீ இந்தத் தெருக்காரி" என்றாள். என்னைக் காட்டச் சொல்லவில்லை. நானும் தின்றேன்தான்.

கிளெனிஸுக்கு ஒரே மகன், ஆலெட். முப்பத்தைந்து இருக்கும். தெருமுனையில் டயர் கடையில் வேலை. கல்லு மாதிரி உடம்பு, சாது. அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பங்குனி வெயிலில் மலையில் காய்ந்து கிடக்கிற புல்லைக் கொளுத்திவிட்டு ஓடுவது. ஆலெட்டும் பள்ளிக்கூடத்துக் காலத்தில் அப்படிக் கொளுத்தி மாட்டிக்கொண்டவன். ஊர் மறக்கவில்லை. இப்போது அவனுக்கு ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சேர ஆசை. அங்கே தீயணைப்புக்காரர்கள் எல்லாம் ஊர் ஆட்கள்தான். அவரவர் வேலையில் இருப்பார்கள், இடுப்பில் செருகியிருக்கிற பேஜர் மணி அடித்தால் போட்டதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். "பத்த வெச்சவனே அணைக்க வர்றான், ஒரே ஆள்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிது" என்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் குடிக்கக் கூடுகிற கிளப்பில் கிண்டல் பண்ணுவார்கள். அவனே பலமாகச் சிரிப்பான். பரீட்சை, ஓட்டம் எல்லாம் முடித்து, வேலை அநேகமாகக் கைக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் மேல் தப்பு என்று நீங்கள் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது.

அந்த ஊர் வீடுகளில் கூரையில் ஒரு கருவி இருக்கும். சாம்பிராணி போட்டால் கத்தும். ஒரு வெள்ளிக்கிழமை கத்தி, ஆலெட் ஈரத் துண்டோடு ஓடிவந்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் பெரிதாக விளக்கு வைப்பதில்லை. கார்த்திகை வந்தது. தமயந்திக்கு அன்றைக்குச் சாயங்கால டியூட்டி. நெய்வேலியில் என்றால் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க அகல் எரியும். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரிலேயே இவ்வளவு பெரிய மலையை வைத்துக்கொண்டு நாம் ஏன் யோசிக்கிறோம் என்று தோன்றியது.

ஆலெட்டிடம் போய், "பழைய வீல் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன். "எதுக்கு, பட்?" என்றான். பட் என்றால் அங்கே மச்சான் மாதிரி, எல்லோரையும் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் செடி வைக்க என்று சொன்னேன். தீபம் என்று ஆரம்பித்தால் ஒரு பீரியட் முழுக்க விளக்கம் சொல்லவேண்டும். ஒரு வேன் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தூக்கிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அதன்மேல் நம் வீட்டு இருப்புச்சட்டியை உட்கார வைத்தால் கொப்பரை தயார். தமயந்தியின் பழைய காட்டன் புடவையைக் கிழித்துத் திரி. நெய் கார்டிஃப் நகரத்துக்குப் போய் வாங்கினது. தனியாகவே மேலே தூக்கிக்கொண்டு போனேன்.

மலையின் தோளில் ஒரு இடம். மேடை கட்டினது மாதிரி சமமாக, நமக்காகவே யாரோ செய்துவைத்தது மாதிரி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஊர் பூராவும் தெரியும், முதியோர் இல்லத்து ஜன்னல்கள் எல்லாம் தெரியும். செம்மறி ஆடுகள் படுத்துப் படுத்து ஒரு பக்கம் புல் தேய்ந்து கிடந்தது. காற்றுக்கு மறைப்பு வேண்டுமே என்று அங்கே கொஞ்சம் பள்ளம் பறித்தேன். உள்ளே கறுப்புக் கல். தகடு தகடாக, மினுமினுவென்று. அதையே எடுத்துச் சுற்றிலும் அடுக்கினேன். அடுக்கி முடித்து எட்ட நின்று பார்த்தால் சின்னதாக ஒரு சன்னிதி மாதிரி அழகாக இருந்தது.

ஆமாம், நிலக்கரிதான். கேட்டுவிட்டீர்கள். கழிவுக்கரி. சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்ததில் விற்க முடியாததையெல்லாம் மலைமேல் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். சுரங்கத்தை மூடினபிறகு அதைச் சமமாக்கி மண் போட்டுப் புல் விதைத்துவிட்டார்கள். எது கடவுள் வைத்த மலை, எது மனுஷன் கொட்டின மலை என்று பார்த்தால் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் நிலக்கரி பழுப்பாக இருக்கும் சார். கையில் எடுத்தால் ஈரமாக, மக்கிப்போன மரம் மாதிரி. வெயிலில் கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளும் என்று அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் கும்பிடுகிற மலையைப் பார்த்து யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?

நன்றாக நின்று எரிந்தது. அதை மட்டும் சொல்லியாகவேண்டும். காற்று ஒரு நிமிஷம் அடங்கி, சுடர் நேராக எழுந்தது. போன் அடித்தது, தமயந்தி. "தெரியுதுங்க. நல்லாத் தெரியுது" என்றாள். சக்கர நாற்காலிகளை எல்லாம் ஜன்னல் பக்கம் தள்ளிவைத்திருக்கிறாள். எம்ரிஸ் என்று ஒரு கிழவர், சுரங்கத்துத் தூசி நெஞ்சில் அடைத்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருக்கிறவர், "யாரோ மேலே நமக்கு சிக்னல் குடுக்கறாங்க" என்றாராம். அவள் போனிலேயே மெதுவாக அரோகரா என்றாள். நானும் சொன்னேன். வீல் சூடாக இருந்தது, தவிர நல்ல கனம். நெய் தீர்ந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு, சட்டியை மட்டும் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இது மதுராந்தகம் ஏரிதானே. நிரம்பியிருக்கிறது. பரவாயில்லை.

தை மாதம் பனி விழுந்தது. காலையில் ஜன்னலைப் பார்க்கிறேன், மலை முழுக்க வெள்ளை. ஒரே ஒரு இடம் மட்டும் பச்சை, ஒரு பாய் விரித்த அளவு. மேலே லேசாக ஆவி. நான் தீபம் ஏற்றின இடம் சார். தமயந்தி நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்திருந்தாள், எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அங்க மட்டும் ஏங்க பனி தங்கல?" என்றாள்.

"ஜோதி நின்ன இடத்துல எப்படித் தங்கும்?" என்றேன்.

அவள் போய்ப் பால் காய்ச்சினாள். நான் மலை ஏறினேன். முழங்கால் வரை பனி. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால், ஜுரம் வந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. ஆடுகள் ஏற்கெனவே வந்து சுற்றிப் படுத்திருந்தன. அவற்றை எழுப்பாமல் வெளிவட்டமாகவே வலம் வந்தேன். ஒரு சிட்டிகை மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, கொஞ்சம் காகிதத்தில் மடித்து அவளுக்கும் கொண்டுவந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "பட்டாசு நாத்தம் அடிக்குதுங்க" என்றாள். இட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலையோடு முடிந்திருக்கும் என்று பின்னால் ஒரு அதிகாரி சொன்னார். யார் சொல்வது? எனக்கு அது நெருப்பு என்றே தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அன்றைக்கு மலை ஏறவில்லை.

மாசி முடிவதற்குள் நாற்றம் ஊருக்குள் இறங்கிவிட்டது. அழுகின முட்டை மாதிரி. முதலில் சாக்கடை என்றார்கள். பிறகுதான் ஹெல்மெட் போட்ட ஆட்கள் வந்தார்கள், வேலி போட்டார்கள், கம்பியை மண்ணில் சொருகிச் சொருகிப் பார்த்தார்கள். உள்ளே தீ படுத்து நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மேல்வரிசை வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். எங்கள் வரிசையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. முதியோர் இல்லத்திலும் ஜன்னல்களை மூடி ஓரத்தில் டேப் ஒட்டினார்கள். எம்ரிஸ் கிழவர் அந்த வாசனை வந்த அன்றைக்கு, "மறுபடியும் ஷிஃப்டுக்குக் கூப்பிடறாங்கம்மா" என்று தமயந்தியிடம் சிரித்தாராம். சித்திரையில் போய்விட்டார். எண்பத்தெட்டு வயது சார், நெஞ்சு முழுக்கத் தூசி. எப்படியும் போயிருப்பார். நான் அதைத் தமயந்தியிடமும் சொன்னேன். அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், போட்டுக்கொண்டே இருந்தாள்.

இயந்திரங்கள் வந்து மலையைப் பிளந்தன. ஜன்னலில் நின்று பார்த்தேன். உள்ளே சிவப்பு, ஊதின அடுப்பு மாதிரி. வாரி எடுத்துப் பரப்பித் தண்ணீர் அடிக்க அடிக்க வெண்புகை. ஊரே ரோட்டில் நின்று பார்த்தது. அதற்குள்ளிருந்து வீல் கிடைத்தது. டயர் கடையில் கழற்றிப்போடுகிற வீலுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு அப்படியே இருந்தது, பாதி.

பிறகென்ன. டயர் கடை என்றால் ஆலெட். ஆலெட் என்றால் பழைய தீ. போலீஸ் கடைக்கு வந்து விசாரித்தது. வீல் எப்படி மேலே போனது என்று தெரியாது என்று சொல்லிவிட்டானாம். கிளப்பில் கிண்டல் நின்றுபோனது. தீயணைப்பு நிலையத்திலிருந்து, இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் நான் பஸ்ஸுக்குப் போகிறேன், கடை வாசலில் நிற்கிறான். என்னைப் பார்த்து, "ஆல்ரைட், பட்?" என்றான். சௌக்கியமா என்கிற மாதிரி, எப்போதும் கேட்பதுதான். நானும் ஆல்ரைட் என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்கடுத்த நாளும் கேட்டான்.

நீங்களே சொல்லுங்கள் சார். அவன் வாயைத் திறந்து, வீலைக் கொடுத்தது இந்த ஆளிடம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்தே இருக்க மாட்டேன். ஆமாம் ஐயா என்று நின்றிருப்பேன். அவன் பேசாமல் இருந்ததனால்தான் நானாகப் போய்ச் சொல்லவேண்டும் என்று ஆகிவிட்டது. இது என்ன நியாயம்?

தமயந்தி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "எப்பங்க போய்ச் சொல்லப் போறீங்க?"

எங்களுடைய நிரந்தர விசாவுக்கு அப்போதுதான் விண்ணப்பம் போட்டிருந்தோம். போலீஸில் ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தாலும் போச்சு. நான் அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். யாருக்காக? எனக்காகவா? பார்சல் அடுக்குவதற்கு நான் அங்கே இருந்துதான் ஆகவேண்டுமா? அவளுக்காகத்தான்.

"எனக்காக வேணாங்க" என்றாள். "ஒரு வரிதான். உங்களுக்குத்தான் ரெண்டு மொழி தெரியுமே, ஏதாவது ஒண்ணுல சொல்லுங்க."

கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் வராது. விசா வந்ததும் சொல்லலாம் என்றேன். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கிளெனிஸ் வீட்டுக்குப் போனாள். என்னிடம் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது, என்னவென்று புரியவில்லை. கெட்டில் கொதிக்கிற சத்தம் புரிந்தது. திரும்பிவந்து கதவருகிலேயே நின்றாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"தெரியும்னாங்க. வீல் கிடைச்ச அன்னைக்கே ஆலெட் அம்மாகிட்ட சொல்லிட்டானாம். நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்களாம்." கதவைச் சாத்திவிட்டு, "தினமும் உங்களுக்குன்னு கெட்டில்ல ஒரு கப் தண்ணி கூட வெச்சாங்களாம்" என்றாள்.

அதோடு விடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய், என் வீட்டுக்காரர்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். புருஷனைப் பற்றி, ஒரு பெண், அந்நிய தேசத்தில். நான் அவளைத் திட்டவில்லை சார். அடிக்கவோ கத்தவோ செய்கிற ஆள் இல்லை நான். எனக்கு அப்போது கோபமே வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வெறும் கையை வைத்துப் பனியைத் துழாவினால் கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும் பாருங்கள், அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

என்ன ஆனதா? என்ன ஆகும். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பண்டிகை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள். விசாவுக்கு அதனால் ஒன்றும் வராது என்று வக்கீல் சொன்னார். இவ்வளவுதான் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நானே போயிருப்பேனே.

சரி, இனி ஊர் என்னைக் கிழிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். கடையில், பஸ்ஸில், தெருவில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்ரைட், பட்? அதேதான். வீட்டைக் காலி பண்ணிப் போய் வந்த மேல்வரிசைக்காரர்கள்கூட ஆல்ரைட். ஆலெட்டை மறுபடி கூப்பிட்டுத் தீயணைப்பில் சேர்த்துக்கொண்டார்கள், இடுப்பில் மணியோடு எதிரில் வருகிறான், அவனும் ஆல்ரைட். ஆவணியில் கிளெனிஸ் வழக்கம்போலத் தட்டோடு வந்தாள். தட்டு சின்னது. "எங்க இடம் எரிஞ்சுபோச்சு, இந்த வருஷம் பழம் கம்மி" என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னாள். தமயந்தியும் அவளும் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து தின்றார்கள். இரண்டு பேருக்கும் பல் நீலம். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு துண்டு தட்டில் வைத்து மூடியிருந்தார்கள்.

ஒருத்தராவது திட்டியிருக்கலாம் சார். ஒரே ஒருத்தர். நம் ஊராக இருந்தால் வாசலில் நின்று வம்சத்தையே இழுத்து மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். அதில் ஒரு முடிவு இருக்கிறது இல்லையா? அங்கே அது இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ஊருக்கு நான் என்ன செய்தேன்? ஒரு விளக்கு ஏற்றினேன்.

கிளம்புகிறேன் என்றபோது தமயந்தி ஏர்போர்ட் வரை வந்தாள். ஆலெட்தான் காரில் கொண்டுவந்து விட்டான். பெட்டியை அவனே தூக்கி வைத்தான். "போயிட்டு வாங்க" என்றாள். போயிட்டு வாங்க என்றுதானே சொன்னாள். அவளும் வந்துவிடுவாள். அங்கே ஆள் பற்றாக்குறை, உடனே விடமாட்டார்கள். அடுத்த ஆவணிக்குப் பழம் பொறுக்குகிற புது இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளெனிஸ் வேறு அவளிடம் சொல்லியிருக்கிறாள். வந்துவிடுவாள். நெய்வேலியில் வீட்டுக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன்.

போட்டோ அனுப்புவாள். எழுத்து ஒன்றும் இருக்காது, போட்டோ மட்டும். இதோ பாருங்கள், எங்கள் ஜன்னல்தான். இந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துவிட்டது. முழுக்க வெள்ளை. பெரிதாக்கிப் பாருங்கள், விரலை வைத்து விரியுங்கள். ஒரு இடத்தில்கூடப் பச்சை இல்லை. அணைத்துவிட்டார்கள். நான் ராத்திரியில் தூக்கம் வராதபோது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

அச்சிறுபாக்கம் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது. டோல்கேட் வந்தால் திண்டிவனம் வந்த மாதிரிதான்.

என்ன சொல்கிறீர்கள்? எங்களுக்கும் சேர்த்து ஒரு தீபமா? வேண்டாம் சார், உங்களுக்கு எதற்குச் சிரமம். இந்த நெய்யிலேயேவா? அது நீங்கள் வேண்டிக்கொண்டு கொண்டுபோகிறது. சரி. அம்மாவும் எழுந்துவிட்டார்கள். நமஸ்காரம் அம்மா. இல்லை, ஒன்றுமில்லை, பேசிக்கொண்டு வந்தோம்.

அர்ச்சனைக்கா? தமயந்தி. அனுஷம். எழுதிக்கொள்ளுங்கள், அனுஷ நட்சத்திரம்.

அந்தக் கிழவருக்கு நட்சத்திரம் தெரியாது. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

என்னுடையதா?

கண்டக்டர் விசில் அடிக்கிறார் சார். பாலம் வந்துவிட்டது. இந்தாருங்கள் டப்பா, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இருங்கள், கால் மரத்துப்போய்விட்டது. கீழே வைத்தால் தரை தெரியமாட்டேன் என்கிறது. இல்லை இல்லை, பிடிக்க வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் வழி விடுங்கள் அம்மா.

அவள் பேர் மட்டும் போதும் சார்.